புதுப்பிப்பு: பூங்கா நிலம், பகுதி சபையில்

எங்கள் தெருவின் பூங்கா நிலத்தை ஒரு கட்டுமான நிறுவனம் கார் நிறுத்தமாக்கிவிட்டது என்று முன்பு எழுதியிருந்தேன். ஞாயிறன்று பகுதி சபையில், அதாவது வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் கூட்டத்தில், கேட்டுவிட்டேன்.

சென்னையில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டினால், 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி மாநகராட்சிக்குத் தானமாக எழுதித் தர வேண்டும். அப்படி வந்த நிலம்தான் இது. அதாவது நம்முடையது. தானப் பத்திரத்தின் நகலைக் காட்டியதும் பேச்சே மாறியது. அளந்து வேலி போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கவுன்சிலர் பொறுமையாகக் கேட்டார், அதைச் சொல்லியாக வேண்டும். 2016 முதல் 2022 வரை, கவுன்சிலர்கள் அடங்கிய மாமன்றமே இல்லாத சென்னையில் யாரிடம் போய் நின்றிருப்போம்? செல்வாக்குள்ளவர்களுக்கு அப்போதும் கதவு திறந்தே இருந்தது.

வந்தவர்கள் பதினோரு பேர். அடுத்த முறை நீங்களும் வாருங்கள்.