அலாரம் அடித்தும் யாரும் நகராத அனுபவம் உங்களுக்கு உண்டா?

மாம்பலம்வாசி:
எங்கள் அடுக்ககத்தில் கீழே மீட்டர் பெட்டிகள் இருக்கும் அறையில் தீ. ராத்திரி நேரம். அலாரம் விடாமல் அடிக்கிறது, ஒரு வீட்டிலும் கதவு திறக்கவில்லை. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட்டதை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்: "யாராவது அதை ஆஃப் பண்ணுங்கப்பா, குழந்தை தூங்குது." கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்! லிஃப்ட் கதவிடுக்கில் புகை கசிந்த பிறகுதான் ஜனங்கள் படிக்கட்டுக்கு ஓடினார்கள். யாருக்கும் காயமில்லை. ஆனால் அந்தக் கட்டைவிரல்களை நினைத்தால் இப்போதும் ஆத்திரமாக வருகிறது.

டவுன்பஸ்:
2023 அக்டோபரில் அரசு பேரிடர் எச்சரிக்கையைச் சோதித்தது நினைவிருக்கிறதா? நான் பஸ்ஸில் இருந்தேன். ஒரே நேரத்தில் எல்லார் போனும் அலறியது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடியே முழிக்கிறார். பக்கத்துப் பாட்டி போனைப் புடவைக்குள் சுருட்டி அமுக்கினார். ஊரையே அலறவைக்க வழி இருக்கும்போது, ஐந்து மாடிக் கட்டடத்துக்கு வாட்ஸ்அப்தான் கதியா?

காவிரிக்கரை வாத்தியார்:
மாம்பலம்வாசி, ஜனங்களைத் திட்டாதீர்கள். மாதாமாதம் சும்மா அடிக்கும் மணியை எவன் நம்புவான்? முதலில் அதைப் பழுது பார்த்தார்களா என்று கேளுங்கள்.

2004 ஜூலை 16, கும்பகோணம். பள்ளித் தீயில் செத்தது 94 பிள்ளைகள். நான் அப்போது பக்கத்து ஊரில் வேலை பார்த்தேன். சமையலறைத் தீ கீற்றுக்கூரைக்குப் பரவிய கதை எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக்கொட்டகை கூடாது என்று கெடுபிடி வந்தது. எங்கள் பள்ளியில் கூரையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "நேத்து வரைக்கும் இதுக்குள்ளதானே சார் உக்காந்திருந்தோம்?" பதில் சொல்ல வாய் வரவில்லை.

ஸ்டில்ட்பிளஸ்5:
சார் சொல்வது சரி. ஆனால் விதி எப்போதும் இறுகத்தான் செய்யும் என்று நினைக்காதீர்கள். தமிழ்நாட்டில் முன்பு 15.25 மீட்டரைத் தாண்டினாலே உயரமான கட்டடம். 2019 விதிகளில் அது 18.30 ஆனது. தேசியக் கட்டட விதித்தொகுப்போ 15 மீட்டரிலேயே கணக்கை ஆரம்பிக்கிறது. எங்கள் கட்டடத்தின் உயரம் இந்த இரண்டுக்கும் இடையில், மாட்டிக்கொண்டோம். உயரமான கட்டடத்துக்கான தீப் பாதுகாப்பு ஏற்பாடுகளைக் கேட்டால், "உங்களுதுக்கு அதெல்லாம் தேவையில்லை சார்" என்று பில்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். மொட்டைமாடிக் கதவில் பூட்டு. சாவி செயலாளரிடம், அவரோ அமெரிக்காவில் மகள் வீட்டில்.

சிங்கை அண்ணாச்சி:
இங்கே சிங்கப்பூரில் பக்கத்து வீட்டில் அடுப்பில் சட்டி கருகி, கூரையில் இருந்த புகை அலாரம் கத்தியதில் அந்த வீட்டு அம்மா விழித்துக்கொண்டார். அவ்வளவுதான் என் கதை. 2018 ஜூன் முதல் புதிய வீடுகளுக்கு அந்தக் கருவி கட்டாயம். அங்கே விதி வரும்வரை காத்திருக்காமல் நீங்களே வாங்கி மாட்டுங்கள். சமையலறைக்குள் வேண்டாம், தாளிப்புக்கே கத்தும், கூடத்தில் மாட்டுங்கள். பொத்தானை அழுத்தி அவ்வப்போது சோதியுங்கள், பேட்டரியை மாற்றுங்கள். தீ என்றால் லிஃப்டில் ஏறாதீர்கள். வெளியே போக முடியாத அளவு புகை இருந்தால் கதவைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணி திணித்து, ஜன்னலருகே நில்லுங்கள். 101 அல்லது 112க்கு அழைத்து எந்த மாடி என்று முதலில் சொல்லுங்கள். படிக்கட்டில் செருப்பு அலமாரி, பழைய சைக்கிள், பூந்தொட்டி...

ஸ்டில்ட்பிளஸ்5:
அண்ணாச்சி, அதெல்லாம் சரி. மாடிப் பூட்டை உடைத்தால் சங்கத்தில் அபராதம் போடுவார்களா? அதைச் சொல்லுங்கள்.

மாம்பலம்வாசி:
உடையுங்கள். அபராதத்தில் பாதி நான் தருகிறேன். வாத்தியார் சார், மணி பழுதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கட்டைவிரல் போட்டவர்களை விடமாட்டேன்.