2016 மஸ்டாங் ஜிடி: பழைய ஓனர் போட்ட கோல்ட் ஏர் இன்டேக், எரியும் செக் எஞ்சின் விளக்கு. ட்யூன் போடுவதா, கழற்றுவதா?

பிளேனோ_செழியன்:
எல்லோருக்கும் வணக்கம். டெக்சாஸ் பிளேனோவில் 2016 மஸ்டாங் ஜிடி ஒன்று செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 5.0 லிட்டர் கொயோட் எஞ்சின், ஆறு கியர் மேனுவல். முந்தைய ஓனர் கோல்ட் ஏர் இன்டேக் (எஞ்சினுக்குக் காற்று கொண்டுபோகும் மாற்றுக் குழாயும் ஃபில்டரும்) போட்டிருக்கிறார். பிராண்ட் பெயர் எங்குமே இல்லை. தடிமனான கருப்புக் குழாய், எண்ணெய் தடவிய சிவப்புத் துணி ஃபில்டர், எஞ்சின் பக்கம் மட்டும் ஒரு தகரத் தடுப்பு. மேலே திறந்தபடி இருக்கிறது. வலது பக்க வால்வ் கவர் ஹோஸில் ஒரு ஆயில் கேட்ச் கேனும் (எண்ணெய்த் துளிகளைப் பிடிக்கும் டப்பா) உண்டு. நல்லவேளை, ஃபேக்டரியில் வந்த ஸ்டாக் ஏர் பாக்ஸை முழுசாக டிக்கியில் வைத்திருந்தார்.

செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. பி0171, பி0174 என இரண்டு கோட். எஞ்சின் சூடானதும் சிக்னலில் நிற்கும்போது ஐடில் ஏறி இறங்குகிறது. ஓட்டும்போது பெரிதாக எதுவும் தெரியவில்லை. கடையில் கேட்டால், வண்டியைப் பார்க்காமலேயே "ட்யூன் போட்டால் சரியாகிவிடும்" என்கிறார்கள், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றச் சொல்கிறார்கள். அந்தச் செலவில் புது கிட்டே வாங்கிவிடலாம் போல. இன்னொன்று, அடுத்த வருஷம் வேலை மாறி சான் ஹோசே போக வாய்ப்பிருக்கிறது. என்ன செய்யலாம்?

ஆஸ்டின்_மணி:
அந்த கோட்களின்படி இரண்டு பேங்கும் (எஞ்சினின் இரு சிலிண்டர் வரிசைகள்) லீன் (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு) என்றால் காற்று எங்கோ திருட்டுத்தனமாக உள்ளே போகிறது. இன்டேக் குழாயின் கிளாம்ப் எல்லாவற்றையும் இறுக்கிப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது இணைப்புகளில் கார்ப் கிளீனர் அடித்தால், ஐடில் மாறும் இடத்தில்தான் லீக்.

டெட்ராய்ட்_பாண்டியன்:
செழியன் தம்பி, சூடான எஞ்சினில் கார்ப் கிளீனர் மட்டும் அடிக்காதீர்கள். எக்ஸாஸ்ட் ஹெடர் பக்கத்திலேயே இருக்கிறது, தீப்பிடிக்கும். மணி சொன்னதில் இன்னொரு திருத்தமும் உண்டு. காற்றை அளக்கும் மாஃப் சென்சாருக்கும், காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடிக்கும் நடுவே உள்ள குழாயில் லீக் இருந்தால் அது ஐடிலில் மட்டும் தனியாகத் தெரியாது. அங்கே வாக்யூம் கிட்டத்தட்ட இல்லை. கணக்கில் வராத காற்று எல்லா வேகத்திலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் போகும். த்ராட்டிலுக்குப் பின்னால், மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் பகுதி) பக்கம் லீக் என்றால்தான் கதை வேறு. ஐடிலில் வாக்யூம் பலமாக இழுக்கும், ஆனால் எஞ்சினுக்குத் தேவையான காற்றோ குறைவு. அதனால் ஐடிலில் லீன் மோசமாகவும், ஆர்பிஎம் ஏறினால் குறைவாகவும் காட்டும்.

மூன்றாவது காரணம் குழாயின் அளவு. மாஃப் சென்சார் முழுக் காற்றையும் அளப்பதில்லை. தன்னைக் கடக்கும் கொஞ்சக் காற்றை அளந்து, ஸ்டாக் குழாயின் குறுக்களவை வைத்து மொத்தத்தைக் கணக்கிடும்படி கம்ப்யூட்டரில் ஒரு அட்டவணை இருக்கிறது. குழாயின் விட்டம் 10 சதவீதம் கூடினால் பரப்பு 21 சதவீதம் கூடும். அதே அளவு காற்று மெதுவாகப் போகும். சென்சார் குறைவாகச் சொல்லும், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைவாக விடும். இதுவும் எல்லா வேகத்திலும் லீன்தான். ட்யூன் தேவைப்படும் கிட், தேவைப்படாத கிட் என்று பிரித்து விற்பதே இதனால்தான்.

ஆகவே முதலில் ட்ரிம் பாருங்கள். கார் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஒரு ஓபிடி அடாப்டரும் ஃபோர்ஸ்கேன் ஆப்பும் போதும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு லாங் டெர்ம் ஃபியூல் ட்ரிம் (கலவையைச் சரிக்கட்ட கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது என்ற கணக்கு) இரண்டு பேங்கிலும் எவ்வளவு என்று குறியுங்கள். ஐடிலில் ஒரு முறை, 2500 ஆர்பிஎம்மில் ஒரு முறை. இன்டேக் காற்றின் வெப்பநிலையும் சேர்த்து. அதற்குள் கோட்களை அழித்துவிடாதீர்கள்.

பிளேனோ_செழியன்:
பார்த்துவிட்டேன் அண்ணா. ஐடிலில் பேங்க் ஒன்று +21, பேங்க் இரண்டு +20. 2500-இல் +9, +8. வெளியே 38 டிகிரி. சிக்னலில் நிற்கும்போது இன்டேக் வெப்பநிலை 62 வரை போகிறது.

டெட்ராய்ட்_பாண்டியன்:
உங்கள் வண்டியில் இரண்டு கோளாறு இருக்கிறது தம்பி. ஐடிலில் 21, மேலே 9 என்றால் அந்த வித்தியாசம் மேனிஃபோல்டு லீக். எங்கும் விடாமல் நிற்கும் அந்த எட்டு, ஒன்பது குழாய் அளவாக இருக்கலாம், மாஃப் அழுக்காகவும் இருக்கலாம். லீக்குக்கு எனக்கு முதல் சந்தேகம் அந்த கேட்ச் கேன் மேல்தான். கொயோட்டில் வலது பக்க ஹோஸ் பிசிவி (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே எடுக்கும் வால்வ்) வழியாக நேரே மேனிஃபோல்டுக்குப் போகிறது. இடது பக்கத்து ஹோஸ் இன்டேக் குழாயோடு சேரும். ஆகவே வலது பக்கம் ஹோஸில் சின்ன வெடிப்பு இருந்தாலும் வாக்யூம் லீக்தான். எஞ்சின் ஆறினதும் கழற்றி, இரண்டு முனைகளிலும் உள்ள ஓ-ரிங்கைப் பாருங்கள். கண்ணுக்குப் படவில்லை என்றால் கடையில் ஸ்மோக் டெஸ்ட் (புகையை உள்ளே விட்டு லீக் கண்டுபிடிப்பது) செய்யச் சொல்லுங்கள்.

மாஃப் சென்சாரையும் கழற்றி, மாஃப் கிளீனர் என்று எழுதியுள்ள ஸ்ப்ரேயால் மட்டும் கழுவுங்கள். பிரேக் கிளீனர் வேண்டாம், துணியால் துடைக்கவும் வேண்டாம். ஃபில்டரில் எண்ணெய் அதிகமாகப் போட்டிருந்தால் அது அந்த மெல்லிய கம்பியில் படிந்திருக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

பிளேனோ_செழியன்:
நீங்கள் சொன்ன இடமேதான்! மேனிஃபோல்டு முனையில் ஓ-ரிங் பாதி அறுந்து மடங்கிக் கிடந்தது. புதிதாகப் போட்டு, மாஃப்பையும் கழுவி, சில நாள் ஓட்டினேன். ஐடில் கல் மாதிரி நிற்கிறது. ட்ரிம் இப்போது ஐடிலில் +8, மேலேயும் +8.

டெட்ராய்ட்_பாண்டியன்:
அப்படியானால் அந்த எட்டு குழாய்க்குரியது. ட்யூனுக்காகச் செய்த குழாயை ஃபேக்டரி ட்யூனில் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். கம்ப்யூட்டர் இப்போதைக்குச் சமாளிக்கும், விளக்கும் எரியாமல் இருக்கலாம். ஆனாலும் எனக்கு இது பிடிக்கவில்லை. வெயிலில் முழு த்ராட்டில் மிதிக்கும்போது லீனாக இருந்தால் நாக் (பெட்ரோல் தவறான நேரத்தில் வெடிப்பது) வரும். நாக் சென்சார் அதைக் கண்டதும் கம்ப்யூட்டர் தீப்பொறியின் டைமிங்கைப் பின்வாங்கும். அதிக பவருக்காகப் போட்ட பொருளே பவரைத் தின்றுவிடும். இன்றைக்கே ஸ்டாக் பாக்ஸை மாட்டி, அதே ட்ரிம்மையும் வெப்பநிலையையும் மறுபடி பாருங்கள்.

பிளேனோ_செழியன்:
மாட்டினேன். ட்ரிம் +1, +2. அதே சிக்னல், அதே வெயில், இன்டேக் 47 டிகிரிதான்! ஆனால் அந்தச் சத்தம் போய்விட்டது, அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. நல்ல கிட் ஒன்று வாங்கலாமா?

ஆஸ்டின்_மணி:
62-இலிருந்து 47 என்றால் காற்றின் அடர்த்தி சுமார் 4.7 சதவீதம் கூடுதல். ஸ்டாக் பாக்ஸ் கிரில்லுக்குப் பின்னாலிருந்தே வெளிக்காற்றை எடுக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நான் வாங்கினால் மூடி போட்ட பாக்ஸ் உள்ள கிட்தான் வாங்குவேன். திறந்த மாடலாக இருந்தால் தடுப்பின் மேல் விளிம்பில் உள்ள ரப்பர் பானெட்டோடு ஒட்டி உட்கார வேண்டும். ட்யூன் இல்லாமல், ஃபேக்டரி கொடுத்த 435 குதிரைத்திறன் பெரிதாக ஏறிவிடும் என்று நம்பி வாங்காதீர்கள். சத்தத்துக்காக வாங்குங்கள், அது நியாயமான காரணம்தான்.

சான்ஹோசே_சுடர்:
இங்கே வருவதாக இருந்தால் முதலில் ஈஓ எண்ணைப் பாருங்கள் ப்ரோ. கலிஃபோர்னியா காற்று வள வாரியம் கொடுக்கும் அனுமதி எண் அது. வெளி மாநில வண்டியை இங்கே பதிவு செய்ய ஸ்மாக் செக் (புகைச் சோதனை) உண்டு. டெக்னீஷியன் பானெட்டைத் திறந்து கண்ணால் பார்ப்பார். ஸ்டாக் இல்லாத இன்டேக் இருந்து, ஈஓ எண் இல்லையென்றால் அங்கேயே ஃபெயில். அந்த எண் உங்கள் வருஷத்துக்கும் எஞ்சினுக்கும் பொருந்த வேண்டும். 2018 மாடலிலிருந்து வந்த 5.0 வேறு எஞ்சின், அதற்கான எண் உதவாது. கிட்டோடு வரும் ஸ்டிக்கரைத் தூக்கிப் போடாமல் பானெட்டின் அடியில் ஒட்டிவிடுங்கள். ட்யூன் பக்கமே போகாதீர்கள். 2021 ஜூலையிலிருந்து கம்ப்யூட்டர் மென்பொருளையும் சோதிக்கிறார்கள். அனுமதியில்லாத ட்யூன் இருந்தால் அதற்கும் ஃபெயில்தான்.

பிளேனோ_செழியன்:
அப்படியானால் ட்யூன் தேவையில்லாதது, ஈஓ எண் உள்ளது, மூடிய பாக்ஸ். மூன்றும் பொருந்துகிற கிட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். நானே மாட்டலாமா? டெக்சாஸில் எமிஷன் டெஸ்டும் சீக்கிரம் வருகிறது.

டெட்ராய்ட்_பாண்டியன்:
தாராளமாக மாட்டலாம், ஒரு மதிய நேர வேலைதான். வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். டெக்சாஸில் சேஃப்டி இன்ஸ்பெக்ஷனை எடுத்துவிட்டாலும் பிளேனோ இருக்கும் காலின் கவுண்டியில் எமிஷன் டெஸ்ட் இருக்கிறது. பேட்டரியைக் கழற்றினாலும் கோட்களை அழித்தாலும் ரெடினெஸ் மானிட்டர்கள் (கார் தன் புகைக் கட்டுப்பாட்டைத் தானே சோதித்து வைக்கும் பதிவுகள்) காலியாகிவிடும். அந்த நிலையில் போனால் டெஸ்ட் தேறாது. அதனால் இப்போது ஸ்டாக் பாக்ஸோடு ஓட்டி, மானிட்டர்கள் ரெடி என்று ஃபோர்ஸ்கேனில் பார்த்துவிட்டு டெஸ்டை முடியுங்கள். அப்புறம் கிட்.

மாட்டும்போது எஞ்சின் ஆறியிருக்கட்டும், பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். குழாயை எடுத்ததும் த்ராட்டில் பாடி வாயைச் சுத்தமான துணியால் மூடிவிடுங்கள். ஒரு ஸ்க்ரூ உள்ளே விழுந்தால் முழு எஞ்சினுக்கும் ஆபத்து. மாஃப் ஸ்க்ரூ பிளாஸ்டிக்கில் இறங்குவது, கையால் மென்மையாக இறுக்குங்கள். சென்சாரில் உள்ள அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும். இடது பக்க பிரீதர் ஹோஸ் 'கிளிக்' என்று உட்காரும் வரை தள்ளுங்கள். ஃபேக்டரி குழாயிலிருந்து கேபினுக்குச் சத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று உண்டு. கிட்டில் அதற்கு இடமில்லை என்றால், கூட வரும் மூடியால் அதை அடைக்க வேண்டும். கிளாம்ப்களைக் கடைசியில்தான் இறுக்க வேண்டும். எல்லாம் லூசாக இருக்கும்போது பானெட்டை மெதுவாக இறக்கி, குழாய் எங்கும் இடிக்கவில்லை என்று பாருங்கள். எஞ்சின் உதறும்போது அசைய ஒரு விரல் இடமாவது இருக்க வேண்டும். பிறகு சில நாள் ஓட்டிவிட்டு ட்ரிம்மை இங்கே போடுங்கள். ஐந்துக்குள் இருந்தால் பிரச்சினை இல்லை. மறுபடி எட்டு, ஒன்பது என்று வந்தால், ட்யூன் தேவையில்லை என்று டப்பாவில் எழுதியிருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.