பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கு மாவுக் கணக்கு போதுமா?

மழைக்காகிதம்:
பொண்ணுக்கு ஒன்பது வயசு. பள்ளியில் சேர்க்கவே இல்லை. அமெரிக்க ஆசிரியர் ஜான் ஹோல்ட் 1970-களில் 'அன்ஸ்கூலிங்' என்று பெயர் வைத்தாரே, அந்த வழி. பாடத்திட்டம் கிடையாது, அன்றாட வாழ்க்கைதான் பாடம். போன வாரம் ஒரு கல்யாணத்தில் பெரியம்மா ஒருத்தர், "புள்ள தற்குறியா வளருதே"ன்னு கண் கலங்கிட்டாங்க. அதான் எழுதுறேன்.

அவள் எழுத்துக் கற்றது டவுன் பஸ்ஸில். முதலில் 'உக்கடம்' போர்டை மொத்தமாக ஒரு படம் மாதிரி அடையாளம் வைத்திருந்தாள். ஒருநாள் உடுமலை பஸ்ஸைப் பார்த்து, "இதுவும் உக்கடம் மாதிரியே ஆரம்பிக்குது, ஆனா அது இல்ல" என்றாள். 'உ' அன்னைக்குத்தான் தனியாகப் பிரிந்து வந்தது. கொஞ்ச மாதத்தில் மளிகை ரசீது வாசித்தாள். கணக்கு அடுப்படியில். நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து. ஆறு டம்ளர் ஊறவைத்த அன்று, கேட்காமலே ஒன்றரை அளந்து போட்டாள்.

சாக்பீஸ்_தூசி:
19 வருசமா கணக்கு டீச்சர். பஸ் போர்டு கதையை நம்புறேன், ஊர் முழுக்க எழுத்து இறைஞ்சு கிடக்கு. ஆனா இயற்கணிதம் எந்த போர்டிலும் எழுதியிருக்காது. அவளுக்குத் தெரிஞ்சது மாவு, பின்னம் இல்ல. 2/3-ஐயும் 1/4-ஐயும் கூட்டச் சொல்லிப் பாருங்க.

கடலோரக்_காகம்:
டீச்சர், பிரேசிலில் ரெசிஃபே நகரத்தில் தெரு வியாபாரம் செய்த ஐந்து பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு, 1985-இல் வந்தது. வாடிக்கையாளர் மாதிரி போய்க் கேட்டால் 98 சதவீதம் சரியான விடை. அதையே வெறும் எண்ணாகத் தாளில் கொடுத்தால் 37. தேங்காய் விற்ற 12 வயசுப் பையனிடம் நாலு காய் கேட்டார்கள், ஒன்று 35 குருசேரோ. "மூணு 105, அதோட 30, 135... 140" என்றான். தாளில் 35×4 போட்டதும் விடை 200! நாலஞ்சு இருபது, கையில் ரெண்டு. அந்த ரெண்டை முதலில் மூன்றோடு கூட்டிவிட்டு அப்புறம் பெருக்கியிருக்கிறான். பள்ளிக்குப் போன பையன்தான். நல்லா இருந்த கணக்கைக் கெடுத்தது எது?

சாக்பீஸ்_தூசி:
அதே ஆய்வு எனக்கும்தான் சாட்சி. கடையில் வந்தது தாளுக்குத் தானா வரலையே! 2025-இல் நேச்சர் அறிவியல் இதழில் பொருளாதார அறிஞர்கள் பானர்ஜி, டஃப்லோ குழுவும் இதையே எழுதியிருக்காங்க. கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகள். வியாபாரக் கணக்கில் புலி, பள்ளிக் கணக்கில் தடுமாற்றம்.

கடலோரக்_காகம்:
மறுபாதியை விட்டுட்டீங்களே. பள்ளிப் பிள்ளைகளிடம் சந்தைக் கணக்கைக் கொடுத்தப்போ அவங்களும் திணறினாங்க.

சாக்பீஸ்_தூசி:
சரி, அந்தக் குட்டு எனக்கு.

தறிச்சத்தம்:
நான் நெசவாளர் வீட்டுப் பையன். எங்கப்பா பாவு இழை எண்ணினால் ஒன்று பிசகாது. ஆனால் கூலிச் சீட்டில் கைநாட்டு. எழுதுகிறவர் என்ன எழுதினாரோ அதுதான் கூலி. அவர் பள்ளிக்கூடம் போகாததை யாரும் அன்ஸ்கூலிங் என்று சொல்லவில்லை.

1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் ஞாபகம் இருக்கா? கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று ஊரே எதிர்த்தது. 1954-இல் அவர் பதவி விலக, காமராசர் வந்து கைவிட்டார். 'வாழ்க்கையே பாடம்' என்று கேட்டாலே எனக்கு அதுதான் நினைவு வரும். உங்க பொண்ணுக்கு அடுப்படிக்கு வெளியேயும் கதவு இருக்கு. பக்கத்தில் படித்த அம்மா வேறு.

மழைக்காகிதம்:
இதுக்கு எங்கிட்ட பதில் இல்லைங்க அண்ணா. எம்.எஸ்சி. படிச்சிட்டு வேலையை விட்டவ நான். அவரு சம்பளத்துல வீடு ஓடுது. எல்லாருக்கும் இது வாய்க்காது.

டீச்சர் கேட்ட கணக்கைக் கொடுத்தேன். "எதுல மூணுல ரெண்டு? டம்ளரா, படியா?" என்றாள். சும்மா எண்தான்மா என்றேன். முறைத்துவிட்டு 3/7 என்று எழுதினாள்.

சாக்பீஸ்_தூசி:
மேல மேல கூட்டி, கீழ கீழ கூட்டியாச்சா? என் வகுப்பிலும் பாதிப் பேர் அதையேதான் எழுதுவாங்க. ஆனா "எதுல?"ன்னு ஒருத்தரும் கேட்டதில்ல, அது நல்ல கேள்வி. ஒரு டஜன் வாழைப்பழம் வாங்கி வைங்க. அதுல மூணுல ரெண்டு எடுக்கட்டும், பக்கத்துல கால் டஜன். அப்புறம் அதையே தாளில் எழுத வைங்க. அவளா கேட்கட்டும்னு உட்கார்ந்திருக்காதீங்க, அந்த இடத்தில்தான் நமக்கு சண்டை.

மழைக்காகிதம்:
எட்டு, மூணு, பதினொண்ணு. "பன்னெண்டுல பதினொண்ணு"ன்னு அவளே சொல்லிட்டு மிச்சம் ஒண்ணை உரிச்சுத் தின்னுட்டா. தாளை நீட்டினேன். நாளைக்காம்.