எஸ்டர் உங்க வீட்டுல எப்படி நுழைஞ்சுது?

ஈசூன் அம்மா:
என் பையன் செக் ஃபோர் (செகண்டரி நாலு). கெமிஸ்ட்ரில எஸ்டருக்கு, அதான் ஆல்கஹாலும் ஆசிட்டும் சேர்ந்து தண்ணி பிரிஞ்சு உண்டாகுற பொருளுக்கு, பேரு எழுதச் சொன்னா மெத்தில் எத்தனோயேட்டா எத்தில் மெத்தனோயேட்டான்னு தடவைக்கு ஒரு மாதிரி எழுதி மார்க்க விட்டுட்டு வர்றான், ரெண்டுலயும் 3 கார்பன் 6 ஹைட்ரஜன் 2 ஆக்சிஜன்தானே எப்படி எழுதுனா என்னங்கறான். பொறுமை போயி, டேய் நம்ம பேரு மாதிரிதான்டா, ஆல்கஹால் இனிஷியல், முன்னாடி நிக்கும், ஆசிட்தான் சொந்தப் பேரு, பின்னாடி வரும்னேன். மெத்தனால்லேர்ந்து மெத்தில், எத்தனோயிக் ஆசிட்லேர்ந்து எத்தனோயேட். அதுக்கப்புறம் தப்பே பண்ணல!

அன்னிக்கு ராத்திரி தாத்தா முட்டிக்குக் கோடாலித் தைலம் தேய்ச்சிட்டிருந்தாரு, இவன் டப்பால எழுதியிருக்கறத படிச்சிட்டு குதிக்கிறான், "மெத்தில் சாலிசிலேட்டாம், மெத்தனாலும் சாலிசிலிக் ஆசிட்டும், தாத்தா எஸ்டர் தேய்க்கிறாரு!" தாத்தா பயந்துட்டாரு பாவம், கெடுதலாடான்னு கேக்குறாரு.

பழைய லேப் பையன்:
ஹாஹா அக்கா. நான் லேப்ல எஸ்டர் செய்ய எத்தனாலும் எத்தனோயிக் ஆசிட்டும் (வினிகர்ல இருக்கறது) கலந்து, கான்சென்ட்ரேட்டட் சல்ஃப்யூரிக் ஆசிட் ரெண்டு சொட்டு விட்டு வெந்நீர்ல வச்சேன் (ஆல்கஹால் பத்திக்கும்ல, அதனால நேரா தீ காட்டக்கூடாது). எஸ்டர்னா பழ வாசன வரும்னு டியூப்ல மூக்க வச்சா வினிகர் நெடி மண்டைக்கு ஏறி கண்ணுல தண்ணி. எஸ்டரும் தண்ணியும் சேர்ந்து பழையபடி ஆசிட்டும் ஆல்கஹாலுமா திரும்பிட்டே இருக்கும், முழுசா மாறவே மாறாது, அதான் ஆசிட் மிச்சம் இருக்கு. டீச்சர் திட்டிட்டு, அத சோடியம் கார்பனேட் கரைசல்ல ஊத்தச் சொன்னாங்க, புஸ்ஸுன்னு நுரைச்சு ஆசிட் தீர்ந்துச்சு, ஆல்கஹாலும் கரைஞ்சிடுச்சு, மேல எண்ணெய் மாதிரி மிதந்தத கையால விசிறி மோந்து பாத்தா எங்கக்காவோட நெயில் பாலிஷ் ரிமூவர்! எத்தில் எத்தனோயேட். பழமும் இல்ல ஒண்ணும் இல்ல. பக்கத்து பெஞ்சுக்காரன் ஆல்கஹால மாத்திப் போட்டான், அவனுக்கு வாழப்பழ வாசன, கடுப்பாயிட்டேன்.

தேக்கா சித்தி:
எங்கக்கா மவன் கேக்குறான், பழ வாசனையெல்லாம் எஸ்டர்னா டுரியான மட்டும் ஏன் எம்ஆர்டி ரயில்ல விட மாட்டேங்கறாங்கன்னு. தம்பி, அதுல இனிப்பா வர்ற வாசன எஸ்டர்தான், எத்தில் 2-மெத்தில்பியூட்டனோயேட்னு ஒண்ணு. கூடவே கந்தகம் சேந்த சமாச்சாரங்க இருக்கு, பொட்டிக்குள்ள நாலு பேரு மூக்க பொத்துறது அதுக்குத்தான்.

ஈசூன் அம்மா:
சித்தி, இத படிச்சுட்டு இவன் டுரியான் வாங்கித் தா, ரிவிஷன் பண்ணணுங்கறான் லா.