பீட்டிலில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றலாமா?

புளியரை ஏற்றம்:
1968 மாடல் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலைப் புதுப்பித்த ஒருவர், தென்காசிக்காரர்கள் குழுவில் நேற்று நீளமாக எழுதியிருந்தார். டிங்கரிங், பெயின்ட், சீட் எல்லாம் அருமை, குறை சொல்ல மாட்டேன். நடுவில் ஒரு வரிதான் கண்ணை உறுத்தியது: “நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் தண்டம். அதையும் ஃபேன் கூட்டுக்குள் இருந்த தகடுகளையும் கழற்றி எறிந்துவிட்டேன்.” இதைப் படித்துவிட்டு நாலு பையன்கள் நாளைக்கே ஸ்பானரைத் தூக்குவார்கள்.

தெர்மோஸ்டாட் அலங்காரப் பொருள் இல்லை. வலது பக்கம், 1, 2 சிலிண்டர்களுக்கு அடியில் இருக்கும் சின்னத் துருத்தி அது. சூடு 65, 70 டிகிரிக்கு வந்ததும் விரிந்து, கம்பி வழியாக ஃபேன் கூட்டில் அதுவரை மூடியிருக்கும் தகடுகளைத் திறக்கும். திறந்த பிறகும் தகடுகளுக்கு வேலை உண்டு. காற்றைச் சிலிண்டர் ஹெட்டுக்கும், ஆயிலைக் குளிரவைக்கும் ஆயில் கூலருக்கும் திருப்பிவிடுவது அவைதான். தகடு இல்லாவிட்டால் காற்று தனக்குத் தோதான வழியில் போய்விடும். தண்ணீர், ரேடியேட்டர் எதுவும் இல்லாத இன்ஜினில் காற்றையும் தொலைத்தால் என்ன மிஞ்சும்?

செங்கோட்டை 1776:
பெயர் போடாமல் எழுதினால் தெரியாதா அண்ணாச்சி? வண்டி என்னுடையதுதான்.

ஜெர்மனியில் பனிக்காகச் செய்த ஏற்பாடு அது. இங்கே மே மாதம் இலஞ்சி ரோட்டில் சும்மா நிறுத்தி வைத்தாலே இன்ஜின் பாதி சூடாகிவிடும். அதற்கு மேல் சூடேற்ற ஒரு துருத்தி எதற்கு? ஆரியங்காவு ஏறி, தென்மலை இறங்கி, புனலூர் வரை போய்த் திரும்பிவிட்டேன். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. குழுவில் படம் போட்டேனே, பார்க்கவில்லையா?

புளியரை ஏற்றம்:
பார்த்தேன். படத்தில் சாலை நனைந்திருந்தது. சாரல் காலத்தில், குற்றாலத்தில் எல்லாரும் துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கும்போது புளியரை எஸ் வளைவு ஏறினால் எந்த வண்டியும் சூடாகாது தம்பி. சித்திரை வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு, இரண்டாவது கியரில், முன்னால் ஒரு ஜல்லி லாரி ஊர்ந்துகொண்டிருக்க ஏறிவிட்டு வாருங்கள். தகடு எங்கே என்பதுதான் என் கேள்வி.

டேப்பெட் தம்பி:
ஒரு சந்தேகம். இரண்டு பேரும் சூடு சூடு என்கிறீர்களே, அது ஆயில் சூடா, ஹெட் சூடா? எதை வைத்து அளந்தீர்கள்?

செங்கோட்டை 1776:
சாரலோ வெயிலோ, ஓடுகிறதா இல்லையா? அதைச் சொல்லுங்கள். அப்புறம் இன்னொன்று. 1965க்கு முந்தைய பீட்டில்களில் இந்தத் தகடே கிடையாது. அவை எல்லாம் வெந்தா போய்விட்டன?

புளியரை ஏற்றம்:
அதில் ஃபேன் முகப்பில் காற்றைக் கட்டுப்படுத்தும் ஒரு வளையம் உண்டு. அதை அசைப்பதும் தெர்மோஸ்டாட்தான். அந்தக் கூடு வேறு, உங்கள் கூடு வேறு. இது தெரியாமலா இன்ஜின் சிசியைக் காட்டி 1776 என்று பெயர் வைத்துக்கொண்டீர்கள்?

ஸ்பானர் சித்தப்பா:
இரண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். சூடு என்று ஷெட்டுக்கு வருகிற பீட்டிலில் நான் முதலில் பார்ப்பது தெர்மோஸ்டாட்டை இல்லை, ரப்பரை. இன்ஜினைச் சுற்றியிருக்கும் தகரத்துக்கும் பாடிக்கும் நடுவே ஒரு ரப்பர் ஓடும். பெயின்ட் அடிப்பவர் அதை உரித்துப் போட்டுவிட்டுத் திரும்ப மாட்ட மறந்துவிடுவார். மூடியைத் திறந்து ஓரத்தில் எட்டிப் பாருங்கள். இடுக்கு வழியாகக் கீழே தரை தெரிந்தால், சைலன்சர் சூடு அப்படியே மேலே ஏறுகிறது, ஃபேன் அதையே உறிஞ்சி இன்ஜின் மேல் ஊதுகிறது என்று அர்த்தம். அப்புறம் எந்தத் தகடு இருந்து என்ன?

பெல்ட்டையும் கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள். அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் இறங்கினால் சரி. அந்த ஒரு பெல்ட்தான் டைனமோவுக்கும் ஃபேனுக்கும். அறுந்தால் சிவப்பு விளக்கு எரியும். எரிந்தால் வீடு வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்கக் கூடாது, அங்கேயே ஓரங்கட்ட வேண்டும். பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். பழைய பெட்ரோல் ஹோஸையும் மாற்றுங்கள். ஊறிப்போய் இன்ஜின் மேல் ஒழுகினால் வண்டியே மிஞ்சாது.

புளியரை ஏற்றம்:
சித்தப்பா சொல்வது சரி, ஆனால் தலைப்பு ரப்பர் இல்லை. தகடு.

செங்கோட்டை 1776:
என் வண்டியில் ரப்பர் புதுசு. சித்தப்பா யாரைச் சொல்கிறார் என்று புரிகிறது. போன பொங்கல் ஊர்வலத்தில் பிரானூர் பார்டர் புரோட்டாக் கடை வாசலில் புகை விட்டுக்கொண்டு நின்றது எந்த வண்டி?

புளியரை ஏற்றம்:
அது சோக்கால் வந்தது. இன்ஜின் பழுதால் வந்த புகை இல்லை.

பாலக்காட்டுப் பங்காளி:
தகடு, ரப்பர் எல்லாம் இருக்கட்டும். செங்கோட்டைக்காரரே, 1776 சிசி என்றால் 90.5 மில்லிமீட்டர் பிஸ்டன். இன்ஜின் கேஸையும் ஹெட்டையும் லேத்தில் கடையாமல் அது உள்ளே போகாது. ஆர்.சி. புத்தகத்தில் எத்தனை சிசி எழுதியிருக்கிறது? 2019ல் உச்ச நீதிமன்றம் சொன்னது நினைவிருக்கட்டும்: கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன வழக்குதான் அது. எல்லை தாண்டி இந்தப் பக்கம் வரும்போது பார்த்து வாருங்கள்.

செங்கோட்டை 1776:
50 வருஷம் தாண்டிய வண்டி. விண்டேஜில் பதிந்துகொள்வேன்.

பாலக்காட்டுப் பங்காளி:
2021 விதியைப் படித்தீர்களா? வி.ஏ. என்ற எழுத்துகளோடு நம்பர் கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். ஆனால் வண்டி பழைய வடிவத்திலேயே இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருந்தால் கிடையாது. கிடைத்தாலும் கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல், பழுதுபார்ப்பு, அவ்வளவுதான். தினம் ஆபீசுக்கு ஓட்ட முடியாது.

செங்கோட்டை 1776:
பாலக்காட்டில் உட்கார்ந்துகொண்டு எங்களுக்குச் சட்டம் சொல்கிறீர்கள். 1956 வரை செங்கோட்டையும் திருவிதாங்கூர் பக்கம்தான். உங்கள் ஊர் அப்போது மதராஸ் மாகாணத்தில் இருந்தது. யார் யாருக்குச் சட்டம் சொல்வது?

பாலக்காட்டுப் பங்காளி:
வரலாறு சொன்னால் சிசி குறையுமா?

புளியரை ஏற்றம்:
பேச்சை மாற்றாதீர்கள். இவருக்கு 1776 வேறு. பெரிய பிஸ்டன் போட்டால் சூடும் கூடும். 1968 வண்டியில் ஆயில் கூலர் ஃபேன் கூட்டுக்குள்ளேயே, மூன்றாம் சிலிண்டருக்கு மேலே நிற்கிறது. காற்றை அது மறைப்பதால் மூன்றாம் சிலிண்டர் எப்போதும் பாவம். 1970களின் தொடக்கத்தில்தான் கம்பெனியே கூலரைத் தனிக் கூட்டுக்குத் தள்ளி வைத்தது. அப்படிப்பட்ட வண்டியில் சிசியைக் கூட்டிவிட்டுத் தகட்டையும் எடுத்தால், அது என்ன ரெஸ்டோரேஷன்?

டேப்பெட் தம்பி:
தகட்டை உள்ளேயே வைத்து, திறந்த நிலையில் கம்பியால் கட்டிவிடலாமே? காற்றும் திரும்பும், தெர்மோஸ்டாட் தொல்லையும் இல்லை. நம் பக்கம் நிறைய பேர் அப்படித்தான்...

புளியரை ஏற்றம்:
கம்பி கட்டுவது கோழிக்கூட்டுக்கு. தெர்மோஸ்டாட் பழுதானால் தகடு தானாகவே திறந்துகொள்ளும்படி அவர்களே செய்து வைத்திருக்கிறார்கள். அப்புறம் எதற்குக் கம்பி?

செங்கோட்டை 1776:
கட்டவும் வேண்டாம், வைக்கவும் வேண்டாம். தம்பி, நடுவில் வராதே.

அண்ணாச்சி, எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. உங்கள் வண்டி 1962 மாடல். அதில் தகடே கிடையாது! இல்லாத தகட்டுக்கு இவ்வளவு வக்காலத்தா?

ஸ்பானர் சித்தப்பா:
😂

புளியரை ஏற்றம்:
சித்தப்பா, இதில் சிரிக்க என்ன இருக்கிறது? என் வண்டியில் வளையம் இருக்கிறது, தெர்மோஸ்டாட்டும் இருக்கிறது. இங்கே பேச்சு உங்கள் வண்டியைப் பற்றி.

செங்கோட்டை 1776:
ஆறு வோல்ட் வண்டி. இரவில் ஹெட்லைட் போட்டால் அகல் விளக்குதான். அதை முதலில் 12 வோல்ட்டாக மாற்றிவிட்டு எனக்குப் பாடம் எடுங்கள்.

புளியரை ஏற்றம்:
ஆறு வோல்ட் ஒரிஜினல். ஒரிஜினலைக் கெடுக்க மாட்டேன்.

பாலக்காட்டுப் பங்காளி:
முன்பக்கம் டிஸ்க் பிரேக் போட்டிருக்கிறீர்களே அண்ணாச்சி, அது எந்த ஒரிஜினல்?

புளியரை ஏற்றம்:
அது பாதுகாப்பு. பிரேக்கும் தகடும் ஒன்றா? செங்கோட்டைக்காரர் ஃபேன் கூட்டின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்துப் போடட்டும். அதுவரை நான் விடப் போவதில்லை.

செங்கோட்டை 1776:
படமெல்லாம் கிடையாது. தகடு பழைய இரும்புக் கடைக்குப் போயாயிற்று. அவ்வளவு ஆசையாக இருந்தால் போய் எடை போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

புளியரை ஏற்றம்:
எந்தக் கடை?