வீல்சேரில் உட்கார்ந்தபடி எடை குறைக்க என்ன பயிற்சி? (சுங்கை சிப்புட்)

தோட்டத்துப் பிள்ளை:
அப்பாவுக்கு 57 வயசு. இனிப்புநீரால் வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்து ஒன்றரை வருஷம் ஆச்சு. இன்சுலின் போடுறார், பொய்க்கால் இன்னும் இல்லை. உயரம் 168, எடை 82 கிலோ. லயத்து வீட்டு முன்னால் செம்மண் பாதை, மழை பெய்தால் சக்கரம் புதையும். வீட்டிலேயே என்ன செய்யலாம்? தண்ணி போத்தலைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னேன், தோள் வலிக்குதாம்.

கைச்சக்கரம்:
தம்பி, நாள் முழுக்க சக்கரத்தை முன்னால் தள்ளுற தோள் அது. அதுக்கு மேல் தலைக்கு மேலேயும் தூக்கினால் மூட்டுக்குள் தசைநார் நசுங்கும். தள்ளுறதுக்கு எதிர் வேலை கொடுங்க: இழுக்கணும்.

பழைய சைக்கிள் டியூபில் வால்வு இருக்கும் துண்டை வெட்டி எறிஞ்சிட்டு, நடுப்பகுதியை ஜன்னல் கம்பியில் நெஞ்சு உயரத்தில் கட்டுங்க. ரெண்டு முனையிலும் கைப்பிடிக்கு முடிச்சு. ரெண்டு பிரேக்கையும் போடுங்க. முழங்கை விலாவை உரசிக்கிட்டுப் பின்னால் போகணும், தோள் காதுப் பக்கம் ஏறக் கூடாது. இழுக்க 2 வினாடி, விட 3 வினாடி. 10 தடவை, ஒரு நிமிஷம் ஓய்வு, இப்படி மூணு சுற்று. ஒருநாள் விட்டு ஒருநாள் போதும்.

கால் எடுத்தவங்களுக்கு உடம்பின் பாரம் பின்னுக்குப் போயிடும், நாற்காலி சுலபமா மல்லாக்கக் கவிழும். முதுகுப் பக்கம் சுவரோ கட்டிலோ ஒட்டியிருக்கட்டும். டியூபில் வெடிப்பு தெரிஞ்சா மாத்திடுங்க. அறுந்தால் முகத்துக்குத்தான் வரும்.

மற்ற நாளில் காற்றில் மாறி மாறிக் குத்தட்டும், கை தோளுக்கு மேல் போகாமல். ஒரு நிமிஷம் குத்து, ஒரு நிமிஷம் ஓய்வு, மொத்தம் 10 நிமிஷம். பேச முடியணும், பாட முடியக் கூடாது, அதுதான் அளவு.

சீனி கம்மி:
அதெல்லாம் சரி, இன்சுலின் போடுறவருக்கு ரத்தச் சீனி பார்க்கும் மீட்டர்தான் முதல். தொடங்கும் முன் 5-க்குக் கீழே (mmol/L கணக்கில்) காட்டினால் ஒரு சின்ன வாழைப்பழம் சாப்பிட்டுட்டுச் செய்யட்டும். 4-க்குக் கீழேன்னா அன்னைக்குப் பயிற்சியே வேண்டாம்: 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணியில் கலக்கிக் குடிச்சிட்டு, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பார்க்கணும். சாக்லேட், பால் மைலோ உதவாது. கொழுப்பு சேர்ந்தால் சீனி ஏற நேரமாகும். பயிற்சி நாளில் ஊசியைக் கையில் போடாமல் வயிற்றில் போடுங்க. அடிக்கடி இறங்கினால் அளவை கிளினிக்கில் மாத்தச் சொல்லுங்க, நீங்களா குறைக்காதீங்க. கண்ணுக்குள் ரத்தக் கசிவு இருக்குன்னு சொல்லியிருந்தால், டாக்டரைக் கேட்காமல் மூச்சடக்கி எதையும் இழுக்கவே கூடாது.

தராசு:
82-ன்னு எப்படி நிறுத்தீங்க? ஒத்தைக் காலில் நின்னு கம்பியைப் பிடிச்சிருந்தால் தராசு குறைச்சுத்தான் காட்டியிருக்கும். பழைய இரும்புக் கடை மேடைத் தராசில் நாற்காலியோடு நிறுத்து, அப்புறம் வெறும் நாற்காலியைக் கழிங்க.

போன காலையும் கணக்கில் சேர்க்கணும். முட்டிக்குக் கீழ்ப் பகுதி உடம்பில் ஏறக்குறைய 6 விழுக்காடு. 82-ஐ 0.94-ஆல் வகுத்தால் 87. பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவுன்னு காட்டும் அளவு) 29 இல்லை, 31. நம்ம மலேசியக் கணக்கில் 27.5-லேயே உடல் பருமன்.

கைப் பயிற்சியை மட்டும் நம்பி எடை இறங்காது. 20 நிமிஷம் குத்தினாலும் ஒரு தே தாரிக் (இனிப்புப் பால் தேத்தண்ணி) கரையாது. அதைக் கோப்பி ஓ கொசோங்கா (பாலும் சீனியும் இல்லாத கோப்பி) மாத்தினாலே பாதி வேலை முடியும்.

தோட்டத்துப் பிள்ளை:
கம்பியைப் பிடிச்சுத்தான் நிறுத்தோம். இன்னொண்ணு, வெட்டின காலுக்கு அடியில் தலையணை வெச்சுத்தான் தூங்குறார். பரவாயில்லையா?

கைச்சக்கரம்:
இன்னைக்கே எடுத்துடுங்க. முட்டி மடங்கியபடியே இறுகிட்டால் பொய்க்கால் மாட்ட முடியாது. காலையும் சாயங்காலமும் 20 நிமிஷம் குப்புறப் படுக்கட்டும். நாற்காலியில் இருக்கும்போது சீட்டுக்கு அடியில் ஒரு பலகையைச் செருகி முன்னால் நீட்டி, மேலே துணி மடிச்சுப் போட்டு, அந்தக் காலை நேரா வைங்க. அரை மணிக்கொரு தரம் முன்னால் குனிஞ்சு ரெண்டு நிமிஷம் இருக்கணும், பிட்டத்தில் புண் வராது. குனியும்போது முன் சக்கரம் ரெண்டும் முன்னோக்கித் திரும்பியிருக்கான்னு பாருங்க.