மெத்தில்ஃபெனிடேட்டோடு ரிஸ்பெரிடோனா? ஒன்று ஏற்ற, ஒன்று இறக்கவா?

வைகைக்கரை அம்மா:
மகனுக்கு ஒன்பது வயது, ஏடிஎச்டி (கவனக்குறைவும் அடங்காத துறுதுறுப்பும்). எட்டு மாதமாகக் காலையில் மெத்தில்ஃபெனிடேட் சாப்பிடுகிறான். இப்போது பாடத்தில் உட்காருகிறான், ஆனால் கோபம் மட்டும் அடங்கவில்லை. போன வாரம் தங்கை மேல் டிபன் பாக்ஸை வீசி, அவள் நெற்றியில் இரண்டு தையல். டாக்டர் ராத்திரிக்கு ரிஸ்பெரிடோன் அரை மில்லிகிராம் சேர்த்திருக்கிறார். என் கொழுந்தன் கூகுளைப் பார்த்துவிட்டு, "அண்ணி, முதல் மாத்திரை மூளையில டோபமைன்ங்கிற ரசாயனத்தைக் கூட்டுது, ரெண்டாவது அதையே அடைக்குது. இது என்ன வைத்தியம்?" என்கிறான். வாங்கிய அட்டை மூன்று நாளாக ஃப்ரிட்ஜ் மேலேயே இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கேள்விக்குறி:
உங்கள் கொழுந்தன் சொல்வது சரி. ஆக்சிலரேட்டரையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்தால் வண்டி ஓடாது, புகைதான் வரும். ஏடிஎச்டிக்கே தரும் இன்னொரு வகையான ஆம்ஃபெட்டமின் மருந்துகளின் குறிப்புத்தாளிலேயே, ரிஸ்பெரிடோன் போல டோபமைனை அடைக்கும் குளோர்ப்ரோமசின் அவற்றின் வேலையை முறிக்கும், அளவு மீறிச் சாப்பிட்டவருக்கு முறிவு மருந்தாகவும் கொடுக்கலாம் என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று முறிப்பவை என்று மருந்துக் கம்பெனியே ஒப்புக்கொண்ட பிறகு நாம் என்ன ஆராய்வது? மனச்சிதைவுக்கு வந்த மருந்தைப் பள்ளிக்கூடப் பிள்ளையின் கோபத்துக்குக் கொடுக்கிறார்கள்.

மாத்திரைப்பெட்டி:
பதினான்கு வருஷமாக மருந்துக்கடையில் நிற்கிறேன். கேள்விக்குறி சார் காட்டும் வரி உண்மைதான், ஆனால் அது ஆம்ஃபெட்டமினையும் குளோர்ப்ரோமசினையும் பற்றியது, இந்த இரண்டு மருந்தைப் பற்றியது அல்ல. சிகிச்சை அளவில் மெத்தில்ஃபெனிடேட் பெரிதும் வேலை செய்வது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளையில். அங்கே டோபமைன் முக்கியமாக டி1 ஏற்பிகள் (ரசாயனம் வந்து ஒட்டும் இடங்கள்) வழியாகவும், நார்அட்ரினலின் என்ற இன்னொரு ரசாயனம் ஆல்ஃபா-2 ஏற்பிகள் வழியாகவும் கவனத்தைப் பிடித்து வைக்கின்றன. ரிஸ்பெரிடோன் அடைப்பது டி2 என்ற வேறு வகை டோபமைன் ஏற்பியை. அது அதிகம் இருப்பது மூளையின் உள்பகுதியில், ஸ்ட்ரயேட்டத்தில். ஒரே தெருவில் எதிரெதிரே வரும் இரண்டு லாரி என்று நினைக்காதீர்கள். முழுக்கத் தனித்தனி என்றும் சொல்ல மாட்டேன், மெத்தில்ஃபெனிடேட் ஸ்ட்ரயேட்டத்திலும் டோபமைனைக் கூட்டத்தான் செய்கிறது.

கல்லீரலிலும் இரண்டுக்கும் மோதல் இல்லை. மெத்தில்ஃபெனிடேட்டை உடைப்பது கார்பாக்சிலெஸ்டரேஸ் என்ற நொதி, ரிஸ்பெரிடோனை உடைப்பது சிஒய்பி2டி6 என்ற வேறு நொதி. நடுவில் யாராவது மனச்சோர்வுக்கான ஃபுளூவாக்செட்டின் எழுதினால்தான் தலைவலி. அது 2டி6-ஐக் கட்டிப்போட்டு ரிஸ்பெரிடோனை ரத்தத்தில் ஏற்றிவிடும்.

மழைமேகம்:
மோதல் இல்லை என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடாதீர்கள் அண்ணா. என் மகள் இரண்டும் சாப்பிட்டவள். மே மாத லீவில், "பள்ளிக்கூடம்தான் இல்லையே" என்று மெத்தில்ஃபெனிடேட்டை நாங்களே நிறுத்தினோம். ரிஸ்பெரிடோன் மட்டும் ஓடியது. மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பிடும்போது கழுத்து வலது பக்கம் இழுத்துக்கொண்டது. கண் இரண்டும் கூரையைப் பார்த்துச் செருகி நிற்கிறது. சோறு கையிலேயே இருக்க, "அம்மா, திருப்ப முடியலை" என்கிறாள். என் மாமியார் சுளுக்கு என்று நல்லெண்ணெய் தடவினார். ஆஸ்பத்திரியில் புரோமெதசின் ஊசி போட்டு அரை மணி நேரத்தில் கழுத்து நேரானது. அங்கே இருந்த சின்ன டாக்டர் முதலில் கேட்டதே, "எந்த மாத்திரையை நிறுத்தினீங்க?" என்பதுதான்.

கேள்விக்குறி:
இதற்கு மேல் என்ன வேண்டும்? நான் சொன்ன புகை இதுதான்.

மாத்திரைப்பெட்டி:
இல்லை சார், நீங்கள் சொன்னது வேறு. சேர்த்துக் கொடுத்தாலே முறியும் என்றீர்கள். அந்தக் குழந்தைக்குச் சேர்ந்து ஓடியவரை ஒன்றும் ஆகவில்லை, ஒன்றை உருவியபோதுதான் ஆனது. அமெரிக்காவில் மெத்தில்ஃபெனிடேட் குறிப்புத்தாளில் இதே எச்சரிக்கை இருக்கிறது: ரிஸ்பெரிடோனோடு கொடுக்கும்போது, இரண்டில் எதன் அளவைக் கூட்டினாலும் குறைத்தாலும் இந்த மாதிரி தசை இழுப்பு வரும் வாய்ப்பு கூடலாம். காரணத்தை இப்படி விளக்குவார்கள்: டி2 அடைபட்டிருக்க, மேலே வந்துகொண்டிருந்த டோபமைனும் திடீரென்று வற்றினால் அடைப்பின் கை ஓங்கி இழுக்கும். மாறாக ரிஸ்பெரிடோனைச் சட்டென்று நிறுத்திவிட்டு மெத்தில்ஃபெனிடேட்டை மட்டும் ஓட்டினால், அடைபட்டுக் கிடந்த ஏற்பிகள் ஏங்கிப்போய் இருக்கும். வாய் கோணுவது, விரல் நெளிவது வரலாம்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல். மெத்தில்ஃபெனிடேட் அட்டவணை எக்ஸ் மருந்து. சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருஷம் வைத்திருக்க வேண்டும், தனி லைசென்சும் வேண்டும். பல கடைகள் அந்த வம்பே வேண்டாம் என்று ஸ்டாக் வைப்பதில்லை. ரிஸ்பெரிடோன் எங்கும் கிடைக்கும். ஆக, தீர்ந்துபோவது எப்போதும் முதல் மாத்திரைதான். யாரும் திட்டம் போடாமலேயே மழைமேகம் வீட்டுக் கதை நடக்கும். அட்டையில் பத்து மாத்திரை இருக்கும்போதே அடுத்ததுக்கு அலையுங்கள்.

தேம்ஸ் குளிர்:
இங்கிலாந்தில் குழந்தைகள் மனநலப் பிரிவில் நர்ஸ் நான். என் எதிர்ப்பு வேறு இடத்தில். மோதுமா மோதாதா என்பது இரண்டாவது கேள்வி. இரண்டாவது மருந்து இப்போதே தேவையா என்பதுதான் முதல் கேள்வி. இங்கே சிகிச்சை விதிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் 2018 வழிகாட்டுதலின்படி, ஏடிஎச்டி பிள்ளையின் ஆவேசத்துக்கு ஸ்டிமுலன்ட்டோடு (மெத்தில்ஃபெனிடேட் வகை) ஆன்டிசைக்காட்டிக் (ரிஸ்பெரிடோன் வகை) சேர்க்க வேண்டுமானால் மேல்நிலைச் சிறப்புப் பிரிவின் ஆலோசனை வேண்டும்.

மாத்திரைப்பெட்டி:
அமெரிக்காவில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். டாஸ்கா ஆய்வு, 2014, கடுமையான ஆவேசம் உள்ள 6 முதல் 12 வயதுப் பிள்ளைகள் 168 பேர். ரிஸ்பெரிடோன் சேர்த்தவர்கள் ஓரளவு கூடுதலாக அடங்கினார்கள்.

தேம்ஸ் குளிர்:
பாதியைச் சொன்னீர்கள் சார். அதில் எல்லாருக்கும் முதலில் ஸ்டிமுலன்ட்டும், பெற்றோருக்குப் பயிற்சியும். மூன்று வாரம் பார்த்த பிறகும் குறை மிச்சம் இருந்தவர்களுக்குத்தான் ரிஸ்பெரிடோன் அல்லது மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. வெறும் மாத்திரைக்காரர்களும் நன்றாகவே தேறினார்கள். அம்மா, உங்களுக்கு யாராவது பயிற்சி கொடுத்தார்களா?

வைகைக்கரை அம்மா:
இல்லைம்மா. அப்படி ஒன்று இருப்பதே இப்போதுதான் தெரிகிறது.

பழைய ரேடியோ:
டொராண்டோவிலிருந்து எழுதுகிறேன், எனக்கு 31 வயது. என் கதையில் வரிசையே தலைகீழ். ஏடிஎச்டிக்கு ஆம்ஃபெட்டமின் எடுத்தேன், ஏழாவது வாரத்தில் பக்கத்து ஃப்ளாட்காரர்கள் என்னைப் பற்றித் தமிழில் பேசுவது கேட்டது. அவர்கள் போர்த்துகீசியர்கள். 2019-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வின்படி, ஸ்டிமுலன்ட் தொடங்கும் இளவயதினரில் சுமார் 660 பேரில் ஒருவருக்கு இப்படி மனநோய் அறிகுறி வந்திருக்கிறது. மெத்தில்ஃபெனிடேட்டைவிட ஆம்ஃபெட்டமினில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. எனக்கு ஸ்டிமுலன்ட்டை நிறுத்தி, அரிபிப்ரசோல் என்ற ஆன்டிசைக்காட்டிக் கொடுத்தார்கள். ஒரு வருஷம் கழித்து, அது ஓடும்போதே, குறைந்த அளவில் மெத்தில்ஃபெனிடேட். இரண்டு வருஷமாக நிம்மதி. சேர்த்துக் கொடுப்பதே தப்பு என்றால் நான் இன்று வேலையில் இருக்க மாட்டேன்.

கேள்விக்குறி:
உங்களுக்கு அது தேவைப்பட்டது தம்பி, மறுக்கவில்லை. முதல் மருந்து கிளப்பிய தீயை அணைக்க இரண்டாவது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. சரி, முறிந்துபோகும் என்ற என் வாதத்தை வாபஸ் வாங்குகிறேன். ரிஸ்பெரிடோன் ஏற்றிவிடக்கூடிய எடை, ப்ரோலாக்டின் ஹார்மோன், சர்க்கரை? அதை யார் பார்ப்பார்கள்? என் அக்கா மகன் ரிஸ்பெரிடோனில் நான்கு மாதத்தில் ஆறு கிலோ ஏறினான்.

மாத்திரைப்பெட்டி:
அது நியாயம். ஸ்டிமுலன்ட் பசியைக் குறைப்பதால் எடை சமமாகிவிடும் என்று கடைக்கு வருபவர்களும் சொல்வார்கள், நம்ப வேண்டாம். காலையில் பசி இல்லாமல் டிபனைத் திருப்பிக் கொண்டுவரும் பிள்ளை, ராத்திரி ஏழு மணிக்கு மேல் ஆறு தோசை கேட்கும்.

வைகைக்கரை அம்மா:
எங்கள் வீட்டில் சப்பாத்தி. திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கிறேன், எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

வைகைக்கரை அம்மா (ஐந்து நாள் கழித்து):
போய் வந்தேன். நோட்டைப் பார்த்து முகம் சுளிப்பாரோ என்று பயந்தேன், வாங்கி முழுக்கப் படித்தார். பையனைக் கை இரண்டையும் நீட்டச் சொன்னார், நாக்கை நீட்டி வைக்கச் சொன்னார், பத்து அடி நடக்க விட்டுப் பார்த்தார். எடை, இடுப்புச் சுற்றளவு, பிரஷர் எல்லாம் குறித்தார். ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு. பெற்றோர் பயிற்சிக்கு வியாழக்கிழமைதோறும் ஆறு வாரம் வரச் சொன்னார். அதுவரை ரிஸ்பெரிடோன் தொடங்க வேண்டாம். ஆறு வாரத்திலும் அடி, வீச்சு நிற்காவிட்டால் தொடங்கி, மூன்று மாதத்தில் குறைக்கப் பார்ப்போம் என்றார். ஞாயிற்றுக்கிழமை மெத்தில்ஃபெனிடேட்டுக்கு லீவு விடுவதையும், ரிஸ்பெரிடோன் தொடங்கினால் நீங்களாகச் செய்யாதீர்கள் என்றார்.

கேள்விக்குறி:
அந்த மூன்று மாதத்தை வாயால் சொன்னாரா, எழுதிக் கொடுத்தாரா?

வைகைக்கரை அம்மா:
என் நோட்டிலேயே எழுதி, கீழே தேதியும் போட்டார்.